கைப்பேசிக்கு முந்தைய சென்னையில் ஒரு செய்தி வந்து சேர்ந்த விதம்

"கைப்பேசியும் இணையமும் இல்லாத நாளில் சென்னையில் வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? என் பெற்றோர் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள்; உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா?" என்று கல்லூரியில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்று தகவல் என்பது ஆட்களிடமும் இடங்களிலும் இருந்தது. எதை யாரிடம் கேட்பது, எங்கே போய்ப் பார்ப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பவற்றைப் பழகிக்கொள்வதுதான் ஒரு பிள்ளை வளர்வதில் பெரும்பகுதியாக இருந்தது. கேட்பதற்கு நல்ல ஆள் வாய்த்தவர்களுக்கு அது இனிய காலம். வாய்க்காதவர்களுக்கு அது கதவுகள் மூடிக் கிடந்த காலம். நான் பெரம்பூரில் 1970களிலும் 80களிலும் வளர்ந்து, பிறகு நூலகத் துறையில் பணியாற்றியவன். தகவல் தேடுபவனாகவும், தேடி வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவனாகவும் இருந்த அனுபவத்திலிருந்து சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு வட்டாரத்தில் கைக்கடிகாரம் இல்லாத வீடுகளுக்கும் சேர்த்து நேரம் சொன்னது, பி அண்ட் சி மில் என்ற துணி ஆலையின் சங்கு. முதல் சங்கு ஊதினால் சமையலறையில் வேகம் கூடும். இரண்டாவது சங்குக்குள் ஆலைத் தொழிலாளி தெருமுனையைத் தாண்டியிருக்க வேண்டும். வானொலி வைத்திருந்த வீடுகளில் காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து வரும் ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி அடுத்த கணக்கு. சரோஜ் நாராயண்சுவாமியின் கணீரென்ற குரலில் தலைப்புச் செய்திகள் முடிவதற்குள் பள்ளிப் பை தயாராக வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். அந்தச் செய்தியைத் தனியாகக் கேட்டவர் எவருமில்லை. ஒரு வீட்டில் வைத்தால் சுவரை ஒட்டிய மூன்று வீடுகளுக்குக் கேட்கும்.

பெரிய செய்திகள் வந்த விதமும் இதுவே. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று விடியற்காலையில் காலமானபோது, பொழுது விடிந்து வானொலியைத் திருப்பியவர்கள் வழக்கமான நிகழ்ச்சிகளுக்குப் பதிலாகச் சோக இசையைக் கேட்டார்கள். அந்த இசை ஒன்றே போதும். யாரோ பெரியவர் போய்விட்டார் என்று தெரிந்துவிடும். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், கடைகள் பாதி திறந்த கதவோடு நின்றன, சைக்கிளில் வந்த ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னார். ராஜாஜி மண்டபத்தை நோக்கிக் கூட்டம் கிளம்பிய பிறகுதான் எங்கள் தெருவில் பலர் அதை முழுமையாக நம்பினார்கள். செய்தி என்பது ஒரு முகத்தோடு வரும். சொல்பவர் அழுகிறாரா, பதறுகிறாரா, கேள்விப்பட்டதை மிகைப்படுத்துகிறாரா என்பதைப் பார்த்துத்தான் அதன் உண்மையை எடை போட்டோம்.

ஆனால் இதனால் வதந்தி குறைவாக இருந்தது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற பேச்சு டெல்லியிலும் சென்னையிலும் கடல் கடந்த ஊர்களிலும் ஒரே நாளில் பரவியது. கோயில் வாசல்களில் பால் பாத்திரங்களோடு மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்போது பொதுமக்களுக்கான இணையம் இந்தியாவுக்கு வந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்தன, அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் அதைத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர். வதந்தியைக் கொண்டு சென்றவை தொலைபேசிகளும் தெருக்களும்தான்.

தொலைபேசியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய தலைமுறைக்கு முற்றிலும் புரியாமல் போகக்கூடியது அதுவே. விண்ணப்பித்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் வீட்டுக்குத் தொலைபேசி வரும். எங்கள் தெருவில் நான் பள்ளியில் படித்த காலம் முழுவதும் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைபேசி இருந்தது. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் பொறுப்பான வேலையில் இருந்தவர். அந்த ஆறு இலக்க எண்தான் தெருவில் உள்ள பத்துப் பதினைந்து குடும்பங்களின் எண். கல்யாணப் பத்திரிகையிலும், வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும், வெளியூர் உறவினருக்கு எழுதும் கடிதத்திலும் அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் "பி.பி." என்று சேர்ப்பார்கள். இது எங்கள் வீட்டு எண் அன்று, இங்கே கூப்பிட்டால் எங்களை அழைப்பார்கள் என்பது அதன் பொருள்.

அழைப்பு வந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு சிறுவன் ஓடி வருவான். "அத்தை, உங்களுக்கு பாம்பேலேர்ந்து போன், பத்து நிமிஷத்துல திரும்பப் பண்றாங்களாம்" என்பான். அடுப்பை அணைத்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அம்மா நடப்பதற்குள் தெருவில் நாலு பேர் "என்ன சேதி?" என்று கேட்டிருப்பார்கள். அங்கே போனால் கூடத்தின் மூலையில், சிறிய முக்காலியின் மேல், பூவேலை செய்த துணி போர்த்திய கறுப்புத் தொலைபேசி இருக்கும். நாற்காலி போடுவார்கள், ஆனால் எவரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். அந்தக் குடும்பம் முழுவதும் அங்கேயே இருப்பதால் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு, நன்றி சொல்லி, அந்த வீட்டுப் பெரியவரின் உடல்நலத்தை விசாரித்துவிட்டுத் திரும்புவார்கள். மகளின் பிரசவச் செய்தியோ மாமனாரின் மரணச் செய்தியோ, முதலில் அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று அவர்கள் தடுமாறியதை நான் கண்டிருக்கிறேன். தெருவுக்கே தொலைபேசி தந்த அத்தகைய வீடுகள் சென்னை முழுவதும் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். அவர்கள் அதற்காக ஒரு காசும் வாங்கியதில்லை. அவர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வெளியூருக்கு நாமே பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண அழைப்புக்கு ஒரு கட்டணம், அவசர அழைப்புக்கு இரு மடங்கு, அதற்கும் மேலே "லைட்னிங்" என்று ஒன்று உண்டு. 1984இல் அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட் தொடங்கப்பட்டு உள்நாட்டிலேயே தொலைபேசி இணைப்பகங்கள் உருவான பிறகு, எண்பதுகளின் இறுதியிலிருந்து பதிவு செய்து காத்திருக்காமல் வெளியூருக்கு நேரடியாகப் பேச உதவிய, மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. ஊனமுற்றோருக்கு முன்னுரிமை கொடுத்து அவற்றை ஒதுக்கினார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கண்ணாடி அறை சோறு போட்டது. இரவில் நேரம் ஆக ஆகக் கட்டணம் குறையும். கடைசியில் கால் பங்குக்கு வந்து நிற்கும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அங்கே கூட்டம். உள்ளே பேசுபவரின் கண் எதிரே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டரின் மேலேயே இருக்கும். அடுத்த எண் விழுவதற்குள் "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லி முடிக்கும் திறமை எல்லோருக்கும் கைவந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டாமல், ஆனால் பேசுபவருக்குத் தெரியும்படி நிற்பார்கள்.

கடிதம் இதைவிட நிதானமானது. எண்பதுகளில் ஓர் அஞ்சலட்டை 15 காசு. 1972இல் பின்கோடு வந்த பிறகும் சென்னையில் எவரும் ஆறு இலக்கத்தையும் சொன்னதில்லை. சென்னை-4 என்றால் மயிலாப்பூர், சென்னை-17 என்றால் தியாகராய நகர், நாங்கள் சென்னை-11. தந்தி வந்தால் மட்டும் பிரிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கும். பரீட்சையில் தேறியதற்கான வாழ்த்துத் தந்தியைக் கூடப் படித்துக் காட்டிய பிறகுதான் பாட்டி நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். 2013 ஜூலையில் தந்தி சேவை நிறுத்தப்பட்டபோது அதற்காக வருந்தியவர்களில் அதைக் கண்டு நடுங்கியவர்களும் இருந்தார்கள்.

அடுத்து, பரீட்சை முடிவு. எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் நாளில் தேர்ச்சி பெற்றவர்களின் பதிவு எண்களை மாலைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக அச்சிடும். பெயர் இராது, மதிப்பெண் இராது. பொடி எழுத்தில் எண்கள் மட்டும், தேர்வு மையம் வாரியாக. பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பத்திரிகைக் கட்டு வந்து இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பையன்களும் அப்பாக்களும் நின்றிருப்பார்கள். கட்டின் கயிறு அறுபடுவதற்குள் கைகள் நீளும். வாங்கியவர் அங்கேயே சைக்கிள் சீட்டின் மேல் விரித்து, விரலை எண்களின் மேல் நகர்த்திக்கொண்டே போவார். அவரைச் சுற்றிப் பத்துத் தலைகள் குனிந்திருக்கும். தன் எண்ணுக்கு முந்தைய எண் இருக்கும், அடுத்த எண் இருக்கும், நடுவில் தன்னுடையது இராது. அந்த இடத்தில் விரல் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் போகும். பிறகு அந்தப் பையன் எதுவும் பேசாமல் கூட்டத்திலிருந்து விலகி நடப்பான். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். மதிப்பெண் பட்டியல் பள்ளிக்கு வர மேலும் சில நாள்கள் ஆகும். அதுவரை தேறியவனுக்குக் கூடத் தான் எவ்வளவு வாங்கினோம் என்பது தெரியாது.

இன்று தன் அறையில் உட்கார்ந்து தன் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்த்து, பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்று சிறிது நேரம் யோசிக்க ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கிறது. அதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை. வென்றவனைத் தெருவே தூக்கிக் கொண்டாடியது உண்மை. தோற்றவன் முகம் மறைக்க இடமில்லாமல் நின்றதும் அதே தெருவில்தான்.

புத்தகங்களுக்கும் படிப்புக்கும் வருகிறேன். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகு இத்தகைய சட்டத்தைக் கொண்டு வந்த முதல் மாகாணம் நம்முடையது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலித்து, அதைக் கொண்டு வட்டாரந்தோறும் கிளை நூலகங்கள் நடந்தன. வெள்ளிக்கிழமை விடுமுறை; மற்ற நாள்களில் காலையும் மாலையும் திறந்திருக்கும். எங்கள் கிளை நூலகத்தில் ஒரு தமிழ் நாளிதழைக் குறைந்தது ஆறு பேர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டு, முடித்த தாளை மேசையின் மேல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளுவார்கள். முதல் பக்கம் நம் கைக்கு வரும்போது விளையாட்டுப் பக்கம் எதிர் மேசைக்குப் போயிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதியவருக்குப் பக்கத்தில் இருக்கும் பையன் மெதுவாகப் படித்துக் காட்டுவதும் உண்டு.

கிளை நூலகத்தில் கிடைக்காதவற்றுக்கு எழும்பூரில் கன்னிமாரா. 1896இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்துக்கு, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டும். 1986இல் ஹாலி வால்மீன் வந்தபோது, பத்திரிகைகளில் வந்த செய்தி போதாமல், அதைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ள நான் அங்கே போனேன். மர இழுப்பறைகள் சுவர் நீளத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றிலும் நூல் ஒன்றுக்கு ஓர் அட்டை, அட்டைகள் வெளியே எடுக்க முடியாதபடி அடியில் ஒரு கம்பி கோத்திருக்கும். அதிகம் தேடப்பட்ட பொருள்களின் அட்டைகள் மேல் விளிம்பில் கறுத்திருக்கும். விரல் பட்டுப் பட்டு வந்த கறுப்பு அது. எதற்கெல்லாம் மக்கள் அதிகம் வருகிறார்கள் என்பதை அந்த விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அங்கே இருந்த அலுவலரிடம் வால்மீன் பற்றிப் புத்தகம் வேண்டும் என்றேன். அவர் உடனே எழுந்து போகவில்லை. "எதுக்கு வேணும்? பரீட்சைக்கா, கட்டுரைப் போட்டிக்கா, சும்மா தெரிஞ்சுக்கவா?" என்று கேட்டார். சும்மாதான் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட, பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த கலைக்களஞ்சியத்தில் உரிய தொகுதியை எடுத்துத் தந்து, முதலில் இதைப் படித்து அடிப்படையைத் தெரிந்துகொள், பிறகு ஆங்கில நூல் தருகிறேன் என்றார். நான் படித்து முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்டார். நீள்வட்டப் பாதை எனக்குப் புரியவில்லை என்பதைக் கண்டு, ஒரு காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்து வரைந்து காட்டினார். பிறகு நானே அந்தத் துறைக்கு வந்து மேசைக்கு இப்பக்கம் உட்கார்ந்தபோது, எதற்காக வேண்டும் என்ற அந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்டேன். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது 1931இல் ரங்கநாதன் நூலகத் துறைக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது; அந்த ஒரு கேள்வி அதற்குத்தான் உதவியது. இன்று தேடுபொறி ஒரு நொடியில் பல்லாயிரம் பக்கங்களைக் காட்டுகிறது. எதற்காகக் கேட்கிறாய், உனக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று அது முகம் பார்த்துக் கேட்பதில்லை. கடந்துபோன காலத்தில் நான் மனமார இழப்பாகக் கருதுவது இந்த ஒன்றைத்தான்.

பழைய புத்தகங்களுக்கு சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட் இருந்தது. கடந்த ஆண்டுப் பாடநூல், வினாத்தாள் தொகுப்பு, அட்டை கிழிந்த ஆங்கில அகராதி எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். 1985 மே மாதத்தில் அது எரிந்து போனது. பள்ளி திறப்பதற்குச் சில நாள்களே இருந்த நேரம். அந்த ஆண்டு பழைய பாடநூலை நம்பியிருந்த பிள்ளைகள் மிகவும் தவித்தார்கள்.

இனி, பொற்காலமா என்ற கேள்வி. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு 1984 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பம் எப்போது தருவார்கள், எங்கே தருவார்கள், கடைசித் தேதி எது என்பது நாளிதழில் விளம்பரமாக வரும். நாளிதழ் வாங்கும் வீட்டுக்கு அது தெரியும். அதைப் பற்றிப் பேசும் மாமாவோ சித்தப்பாவோ உள்ள வீட்டுக்கும் தெரியும். என்னோடு படித்த ஒருவனின் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கணக்கில் வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. விண்ணப்பம் தருகிறார்கள் என்பதையே கடைசித் தேதி போன பிறகு, அதுவும் தற்செயலாக, எங்கள் பேச்சிலிருந்துதான் அவன் தெரிந்துகொண்டான். நாங்கள் அனைவரும் வாங்கியிருந்தோம். அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் தொழிற்பயிற்சி முடித்து ஒரு பட்டறையில் சேர்ந்தான். நன்றாகவே வாழ்கிறான், ஆனால் அன்று அவனிடம் திறமைக்குக் குறைவில்லை, ஒரு தாள் எங்கே கிடைக்கிறது என்ற தகவல்தான் இல்லை. இன்று அத்தகைய வீட்டுப் பிள்ளை கையில் ஒரு மலிவான கைப்பேசி இருந்தால், கடைசித் தேதியை வேறு எவர் தயவும் இல்லாமல் பார்த்துவிட முடியும். பழைய காலத்தைப் புகழ்ந்து பேசும்போது எனக்கு அவன் நினைவு வராமல் இருந்ததில்லை.

தொலைக்காட்சியிலும் இதே கதை. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்கவும் ஞாயிறு மாலைத் திரைப்படம் பார்க்கவும் தெருவே பெட்டி இருந்த வீட்டில் கூடியதைப் பலரும் இனிமையாக நினைவுகூர்வார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களின் நினைவு அது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். எவர் உள்ளே உட்காரலாம், எவர் வெளியே நிற்க வேண்டும் என்பதை அந்த வீட்டார் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. பணமும் சாதியும் அதை ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தன. பிறர் வீட்டின் தயவில் கிடைக்கும் தகவலுக்கும் மகிழ்ச்சிக்கும் இந்த விலை எப்போதும் இருந்தது.

மற்றபடி நேரம் எப்படிப் போனது என்று கேட்டால், விளையாட்டிலும் நடையிலும் காத்திருப்பிலும் போனது. கடற்கரையில் உழைப்பாளர் சிலைக்கு அருகில் ஐந்து மணிக்கு என்று முந்தின நாளே பேசி வைத்தால், ஐந்தரை வரை நின்று பார்ப்பது நட்பின் இலக்கணம். வராதவன் ஏன் வரவில்லை என்பது மறுநாள்தான் தெரியும். வழி தெரியாவிட்டால் டீக்கடையில் கேட்போம், பஸ் எண் தெரியாவிட்டால் கண்டக்டரிடம் கேட்போம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் 29சி பேருந்தில் ஏறி இந்த நகரத்தின் குறுக்கே போய் வந்ததில்தான் எனக்குச் சென்னை முழுவதும் மனப்பாடமானது.

மாற்றமும் ஒரே நாளில் நிகழ்ந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பரீட்சை முடிவு நாளில் மாலைப் பத்திரிகைக்கு நின்ற கூட்டம் இப்போது அங்கே நின்றது. கணினியைக் கையாளத் தெரிந்த ஓர் அண்ணன் தெருப் பிள்ளைகளின் எண்களையெல்லாம் வாங்கித் தட்டிப் பார்த்துச் சொல்வார். கைப்பேசி வந்த தொடக்கத்தில் அழைப்பை எடுத்தாலும் காசு. 2003இல் உள்வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் அது சாதாரண வீடுகளுக்குள் வந்தது. 2016க்குப் பிறகு டேட்டா மலிவாகி, ஆளுக்கொரு திரை ஆனது. அதுவரை ஏதோ ஒரு வகையில் நாம் இன்னொருவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

உங்கள் பெற்றோரிடம் இதைப் பற்றிப் பேசும்போது, அப்பாவிடம் கேட்பதை அம்மாவிடம் தனியாகவும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒன்றாக இராது. நான் மேலே சொன்ன ரயில் நிலைய வாசல், மூர் மார்க்கெட், கன்னிமாரா, கடற்கரை எல்லாம் ஒரு பையன் தனியாகப் போய் வரக்கூடிய இடங்கள். தகவலுக்கு நகரம் முழுவதும் அலைய வேண்டியிருந்த காலத்தில், அலைய அனுமதி இல்லாத பிள்ளைக்கு அது கிடைக்காமல் போனது. என் அக்காவுக்கு வேண்டிய நூல்களைக் கிளை நூலகத்திலிருந்து நான்தான் எடுத்து வந்தேன். அவளுக்கு எது பிடிக்கும் என்பதை நான் யூகித்தேன், அல்லது யூகிக்கவும் மறந்தேன். பள்ளி முடித்த பெண்கள் வீட்டை விட்டு நாள்தோறும் தனியாகப் போக எங்கள் பகுதியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையில் ஒரு மணி நேரம், கறுத்த ரெமிங்டன் பொறியின் முன், லோயர், ஹையர் என்று தேர்வுகள். அங்கே தட்டச்சைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டது வேறு என்று அக்கா சொல்வாள். எந்த அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள், தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை எப்போது புதுப்பிப்பது என்பவற்றையெல்லாம் பக்கத்துப் பொறியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவள் அரசு வேலைக்குப் போனது அங்கே ஒரு தோழி சொன்ன தேதியால்தான். எங்கள் வீட்டில் எவருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கவில்லை.